தண்டோரா சட்டமாகாது

நான் கல்லூரியில் படித்த காலத்தில் சோஃபோக்ளிஸின் ‘ஆண்டிகனி’ நாடகத்திலிருந்து தேர்வுக்கு ஒரே கேள்விதான் வரும்: குடும்பப் பாசத்துக்கும் அரசின் சட்டத்துக்கும் இடையே நடக்கும் மோதலை விளக்குக. விடையும் தயாராக இருக்கும். ஆண்டிகனி குடும்பத்தின் பக்கம், கிரியோன் அரசின் பக்கம். இருவரிடமும் நியாயம் உண்டு. இருவரும் தத்தம் நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் இழுத்ததால் இருவரும் அழிந்தார்கள். நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பிறகு அந்த நாடகத்தை வேறு வேறு மொழிபெயர்ப்புகளில் நிதானமாகப் படித்தபோது, அந்த விடையின் ஒவ்வொரு வரியையும் நாடகமே மறுப்பதைப் பார்த்தேன். இன்றும் வகுப்பறைகளில் அதே விடைதான். நாடக விழாவின் அறிமுக உரைகளிலும் அதுவேதான். இரண்டு சரிகள் மோதிக்கொண்டன என்று சொல்லிவிட்டால் பேசுபவருக்கு நடுநிலையாளர் என்ற பெயர் கிடைக்கிறது. அந்த நடுநிலைக்கு விலை கொடுப்பவள் ஆண்டிகனி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஈடிபஸின் மகன்கள் இருவர். எட்டியோக்ளிஸ் தீப்ஸ் நகரைக் காத்து நின்றான். பாலினைசஸ் ஆர்கோஸ் படையைத் திரட்டி வந்து பிறந்த ஊரையே தாக்கினான். ஒருவரையொருவர் குத்தி இருவரும் மாண்டார்கள். ஆட்சி அவர்களுடைய தாய்மாமன் கிரியோன் கைக்கு வருகிறது. எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம் என்றும், பாலினைசஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரை என்றும் அவன் அறிவிக்கிறான். உடன்பிறந்தவள் ஆண்டிகனி அந்த உடல்மீது மண்ணைப் போடுகிறாள், பிடிபடுகிறாள். பாறைக் குகையில் உயிரோடு அடைக்கப்பட்டு அங்கே தூக்கிட்டுக்கொள்கிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஹீமோன் கிரியோனின் மகன். அவன் அவள் உடலருகிலேயே வாளைப் பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட அவன் தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள்.

இந்தக் கதையைக் குடும்பத்துக்கும் அரசுக்கும் நடந்த வழக்காக மாற்றிய பெருமை பெரும்பாலும் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலுடையது. 1807-இல் வந்த தம் பெருநூலிலும், பின்னால் அழகியல் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளிலும் அவர் இந்த நாடகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசினார். கிரியோனைக் கொடுங்கோலன் என்று பார்க்கக் கூடாது, அவனும் ஓர் அறச்சக்தியின் பிரதிநிதி என்பது அவர் கட்சி. ஹெகல் இந்த நாடகத்தை மிக உயரத்தில் வைத்துப் போற்றியவர். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பில்தான் இருக்கிறது.

முதலில் அந்த உத்தரவின் வயதைப் பாருங்கள். நாடகம் விடியற்காலையில் தொடங்குகிறது. ஆர்கோஸ் படை அந்த இரவில்தான் ஓடியிருக்கிறது. அண்ணன் தம்பி செத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. ஆண்டிகனி தன் சகோதரி இஸ்மினியை அரண்மனை வாசலுக்கு வெளியே தனியாகக் கூட்டிவந்து பேசுகிறாள். ஊர் முழுக்கத் தளபதி போட்டிருக்கும் தண்டோரா உன் காதில் விழுந்ததா என்பதுதான் அவள் கேள்வி. மூலத்தில் அவள் சொல்லும் சொல் ‘கேரூக்மா’. கட்டியக்காரன் தெருவில் நின்று கூவிச் சொல்லும் அறிவிப்புக்கு அதுதான் பெயர். சட்டம் என்று பொருள்படும் ‘நொமோஸ்’ என்ற சொல்லை அவள் அதற்குத் தரவில்லை. கிரியோனுக்கும் அந்த இடத்தில் மன்னன் என்ற பட்டத்தைத் தரவில்லை, தளபதி என்கிறாள். அதைச் சட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கிரியோன் சொல்கிறான், அஞ்சி நடுங்கும் இஸ்மினி சொல்கிறாள், அவை முதியோர் சொல்கிறார்கள். போட்டவனும் பயந்தவர்களும் சூட்டிய பெயரை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறதா?

கிரியோன் முதியோர் அவையைக் கூட்டுவது தண்டோரா போட்ட பிறகு. எதற்காக நம்மை அவசரமாக அழைத்தான் என்று கேட்டுக்கொண்டேதான் அவர்கள் வருகிறார்கள். வந்தவர்களிடம் அவன் யோசனை கேட்கவில்லை, செய்ததைச் சொல்கிறான். அவைத் தலைவர் கொடுக்கும் பதிலில் ஒப்புதலின் நிறமே கிடையாது. உன் விருப்பம் அதுவானால், உயிரோடிருப்பவர் விஷயத்திலும் செத்தவர் விஷயத்திலும் நீ எந்தச் சட்டத்தையும் கையாளலாம் என்கிறார். இதற்கு நீங்கள் காவலாக நிற்க வேண்டும் என்று கிரியோன் கேட்டதும், இந்தச் சுமையை இளையவர் யாரிடமாவது கொடு என்று நழுவுகிறார். ஓர் அரசின் சட்டம் பிறந்த கதை இதுவா? எந்த மன்றமும் கூடவில்லை, எவரும் வாக்களிக்கவில்லை. மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை.

அடுத்தது குடும்பம். அது ஆண்டிகனியிடம் மட்டும் இருக்கிறது என்று யார் சொன்னது? கிரியோன் யார் என்பதை ஐரோப்பிய உரையாசிரியர்களைவிடத் தமிழ் வாசகர் சட்டென்று பிடித்துக்கொள்வார். அவன் தாய்மாமன். ஆண்டிகனியின் தாய் ஜொகாஸ்டாவின் உடன்பிறந்தான். தகப்பனும் இல்லை, தாயும் இல்லை, இப்போது ஆண்பிள்ளைகள் இருவரும் இல்லை என்று ஆன வீட்டில் அந்தப் பெண்களுக்கு மிஞ்சிய ஒரே ஆண் துணை. ஆண்டிகனிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அவன் மகன்தான். கிரேக்க வழக்கப்படி செத்தவனை எடுத்து அடக்கம் செய்வது நெருங்கிய ஆண் உறவினரின் கடமை. பாலினைசஸுக்கு அன்று உயிரோடு இருந்த நெருங்கிய ஆண் உறவினன் கிரியோன். அந்த மண்ணை முதலில் போட்டிருக்க வேண்டிய கை அவனுடையது. அவன் போடாததால்தான் ஒரு பெண் போக வேண்டியிருந்தது.

அவன் அரியணை ஏறியதும் குடும்பத்தின் வழியாகத்தான். முதல் உரையிலேயே அவனே ஒப்புக்கொள்கிறான்: செத்தவர்களுக்கு நான் நெருங்கிய இரத்த உறவு, ஆகவே எல்லா அதிகாரமும் என்னிடம் வந்திருக்கிறது. இரத்த உறவால் ஆட்சியைப் பிடித்தவன், அந்த ஆட்சியை வைத்துக்கொண்டு இரத்த உறவுக்கு இடமில்லை என்கிறான். ஹீமோனோடு வாதாடும்போது அவன் எடுத்துவைக்கும் நியாயங்களும் வீட்டு நியாயங்களே. மகன் தகப்பனுக்கு அடங்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே அடங்காதவர்களை வளர்த்தால் வெளியில் எப்படி ஆள்வேன், ஒரு பெண்ணிடம் தோற்றான் என்ற பேர் எனக்கு வேண்டாம். ஊரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவன் தன் வீட்டைப் பற்றியே பேசுகிறான். ஊரையும் வீடாக நடத்துகிறான், அதுவும் கெட்ட வீடாக.

எதைச் செய்ததற்காக அவளுக்கு இந்தத் தண்டனை என்பதையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாடகத்தில் அதை நமக்குச் சொல்பவன் ஒரு காவலாளி, உயிருக்குப் பயந்த எளிய மனிதன். முதல் முறை யார் போட்டது என்றே தெரியாமல் உடல்மீது மெல்லிய புழுதி படிந்திருக்கிறது. குழி வெட்டவில்லை, மண்வெட்டித் தடமில்லை, வண்டிச் சக்கரம் பதிந்த அடையாளமும் இல்லை. கிரியோனின் மிரட்டலுக்குப் பிறகு காவலர்கள் திரும்பிப் போய் அந்தப் புழுதியைத் துடைத்து, நனைந்து அழுகத் தொடங்கிய உடலைத் திறந்து போடுகிறார்கள். நாற்றம் தங்கள் பக்கம் வீசாதபடி காற்றுத் திசை பார்த்து மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நடுப்பகல் வெயில். திடீரென்று ஒரு சூறைக்காற்று மண்ணை வாரி வானத்தை மறைக்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காற்று அடங்கிக் கண்ணைத் திறந்தால் அந்தப் பெண் நிற்கிறாள். திறந்து கிடக்கும் உடலைக் கண்டதும், குஞ்சுகளைப் பறிகொடுத்த கூட்டைப் பார்த்த பறவைபோலக் கதறுகிறாள். வெறுங்கையால் காய்ந்த மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறாள். வெண்கலக் குடத்திலிருந்து மூன்று முறை நீர்க்கடன் வார்க்கிறாள். பிடிக்க ஓடிவந்தபோது அவள் மிரளவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை.

அவள் செய்தது இவ்வளவுதான். அவள் கூட்டம் சேர்க்கவில்லை, ஆயுதம் எடுக்கவில்லை. பாலினைசஸின் கட்சியை ஆதரித்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. படையெடுப்பு சரி என்று அவள் எங்கும் சொல்லவில்லை. செத்தவனுக்கு ஒரு பிடி மண். இதற்கு எதிராக ஓர் அரசு எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்றால், அந்த அரசுக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் சமமாகத் தராசு பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எதிர்க்கட்சியின் வலுவான வாதங்களை மறைக்கப் போவதில்லை. இரண்டு இருக்கின்றன. முதலாவது, பாலினைசஸ் துரோகி, துரோகிக்கு ஏதென்ஸிலும் அடக்கம் மறுக்கப்பட்டது என்பது. உண்மை. துரோகம் செய்தவனையும் கோயில் கொள்ளையடித்தவனையும் ஆட்டிக்கா மண்ணில் புதைக்கக் கூடாது என்று ஏதென்ஸில் சட்டம் இருந்தது. கி.மு. 411-இல் நடந்த சிலராட்சிக் கலகத்துக்குப் பிறகு ஆன்டிஃபோன் என்ற பேச்சாளருக்கு அந்தத் தண்டனைதான் விதிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை முழுதாகப் படியுங்கள். முதலில் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், குற்றம் உறுதியாக வேண்டும். பிறகும் தடை ஏதென்ஸ் ஆளும் எல்லைக்குள் மட்டும்தான். எல்லைக்கு அப்பால் உறவினர் எடுத்துப்போய்ப் புதைத்துக்கொள்ளலாம். உடலைக் காவல் போட்டு நாய் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிரியோன் செய்தது அதை. எல்லைக்கு வெளியே கொண்டு போகலாம் என்ற வழியை அவன் யாருக்கும் திறந்து வைக்கவே இல்லை. ஏதென்ஸ் பார்வையாளர்கள் கிரியோன் பக்கம்தான் இருந்திருப்பார்கள் என்று வாதிடும் இக்கால அறிஞர்கள் இந்த இடைவெளியை எளிதாகத் தாண்டிப் போகிறார்கள்.

இரண்டாவது வாதம் ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ். கி.மு. 343-இல் ஈஸ்கினிஸுக்கு எதிராக வழக்காடியபோது, கிரியோனின் முதல் உரையை நீதிமன்றத்தில் வாசிக்கச் செய்து, நாட்டுப்பற்றுக்கு இது எடுத்துக்காட்டு என்று அவர் பாராட்டினார். ஈஸ்கினிஸ் நடிகராக இருந்த காலத்தில் கிரியோன் வேடம் கட்டியவர், அதனால் அந்தக் குத்து இன்னும் ஆழமாக இறங்கியது. நானும் ஒப்புக்கொள்கிறேன், அந்த உரை நல்ல உரை. சொந்தத் தோழனை நாட்டுக்கு மேலாக வைப்பவன் மதிப்பில்லாதவன் என்கிறான். ஆட்சியில் இருந்துகொண்டு பயத்தால் நாக்கைப் பூட்டிக்கொள்பவன் மிக மோசமானவன் என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து ஆண்டிகனி அவன் முகத்துக்கு நேராக என்ன சொல்கிறாள்? இங்கே நிற்கும் இந்த முதியோர் அத்தனை பேரும் நான் செய்ததைச் சரி என்றே சொல்வார்கள், பயம் இவர்கள் நாக்கைப் பூட்டாமல் இருந்தால். பயம், நாக்கு, பூட்டு என்ற அதே மூன்று சொற்களைச் சோஃபோக்ளிஸ் இரண்டாம் முறை அவள் வாயில் வைக்கிறார். அச்சமில்லாமல் பேசும் ஆட்சியாளன் வேண்டும் என்று முழங்கியவன், ஒரு நகரத்தின் வாயையே பூட்டிவிட்டான். உரை நல்லது. அந்த உரைக்கு முதல் துரோகம் செய்தவன் அதைப் பேசியவன். டெமாஸ்தனிஸ் தம் வழக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார், வழக்கறிஞர் வேலை அது. நாடகத்தை வாசிப்பவர் மீதியையும் வாசிக்க வேண்டும்.

நகரம் உண்மையில் எந்தப் பக்கம்? இதற்கு விடை சொல்பவன் ஹீமோன். அந்தக் காட்சியை ஒழுங்காகப் படித்த எவரும் கிரியோனை அரசின் பிரதிநிதி என்று எழுத முடியாது என்பது என் துணிபு. மகன் பணிவோடுதான் தொடங்குகிறான். உங்கள் முகத்தைப் பார்த்தால் சாதாரண மனிதர்களுக்குப் பேச்சு வராது, இருட்டில் அவர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது, இந்தப் பெண்ணுக்காக ஊரே அழுகிறது, இவளுக்குப் பொன்னால் மரியாதை செய்ய வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்கிறான். தகப்பன் மசியவில்லை. தீப்ஸ் மக்கள் யாரும் அவளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை என்று மகன் சொல்ல, நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊரா எனக்குச் சொல்வது என்று சீறுகிறான் கிரியோன். ஒரே ஒருவனுக்குச் சொந்தமானது நகரமே ஆகாது என்கிறான் மகன். நகரம் ஆள்பவனுக்குச் சொந்தமில்லாமல் வேறு யாருக்கு என்கிறான் தகப்பன். அப்படியானால் ஆளில்லாத பாலைவனத்தில் தனியாக நன்றாக ஆள்வீர்கள் என்று மகன் முடிக்கிறான்.

இந்த நாலைந்து வரிகளில் அரசு என்ற சொல்லுக்கு உரிமை யாருடையது என்பது தீர்ந்துவிட்டது. மக்களை விலக்கிவிட்டு நான்தான் நகரம் என்பவனை, நகரத்தின் நியாயத்தைத் தாங்கி நிற்பவன் என்று எப்படி அழைப்பது?

தண்டனை மாறிய விதமும் கவனிக்க வேண்டியது. தண்டோராவில் சொல்லப்பட்டது பொது இடத்தில் கல்லெறிந்து கொல்லுதல். கல்லெறிவதற்கு ஊரின் கைகள் வேண்டும். ஊர் யாருக்காக அழுகிறது என்று ஹீமோன் சொல்லி முடித்த அடுத்த சில கணங்களில் கிரியோன் தண்டனையை மாற்றுகிறான். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குகை, ஊருக்குத் தீட்டு வராத அளவுக்கு மட்டும் உள்ளே கொஞ்சம் உணவு. காரணத்தை அவன் சொல்லவில்லை. என் ஊகம் இது: கல்லை எடுக்க ஒரு கையும் வராது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் இஸ்மினியையும் சேர்த்துக் கொல்லுவேன் என்றவன், முதியோர் ஒரு கேள்வி கேட்டதும் அவளை விட்டுவிடுகிறான். காலையில் கல், மாலைக்குள் குகை. முதலில் இரண்டு பேர், பிறகு ஒருத்தி. சட்டம் என்ற பெயருக்கு உரியது இப்படி நேரத்துக்கு நேரம் ஆள்பவனின் முகம் பார்த்து மாறுமா?

இனி, அடக்கம் என்பது வீட்டு விஷயம் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். பிழையின் வேர் இங்கேதான். அடக்கத்தைக் குடும்பப் பாசம் என்று வைத்துவிட்டால் அதை மறுப்பது அரசியல் ஆகிவிடுகிறது. கிரேக்கர்கள் அப்படி நினைக்கவில்லை. ஏதென்ஸில் பூசிகிஸ் என்ற பூசாரி, பிணத்தைப் புதைக்காமல் கடந்து போகிறவர்களைச் சபிப்பது வழக்கம் என்று இந்த நாடகத்துக்கே எழுதப்பட்ட பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. அந்தச் சாபம் உறவினருக்கு மட்டும் அல்ல, கடந்து போகும் எவருக்கும். 406-இல் ஆர்கினுசாய் கடற்போரில் வென்ற தளபதிகளை ஏதென்ஸ் என்ன செய்தது? உடைந்த கப்பல்களில் கிடந்தவர்களை மீட்காமல் வந்தார்கள் என்று குற்றம்சாட்டி, திரும்பி வந்த 6 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. அந்த விசாரணை முறையற்றது, சாக்ரடீஸ் ஒருவர் நின்று எதிர்த்தார். அது வேறு கதை. ஆனால் கடலில் கிடந்தவர்களை எடுக்காமல் விட்டது ஒரு நகரத்தையே வெறிகொள்ள வைத்தது என்பதில் ஐயமில்லை. 424-இல் டீலியம் போரில் தோற்ற ஏதென்ஸின் பிணங்களைத் தர மறுத்து 17 நாட்கள் கிடக்கவைத்தவர்கள் தீப்ஸ் தலைமையிலான பியோஷியர்கள். அதைக் கிரேக்க உலகின் பொது வழக்கத்தை மீறிய செயல் என்று ஏதென்ஸ் எடுத்துச் சொன்னதைத் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார்.

மேடைக்கு வாருங்கள். யூரிப்பிடிஸின் ‘முறையிடும் பெண்கள்’ நாடகத்தில் அதே தீப்ஸ், அதே கிரியோன், அதே போரில் செத்த ஆர்கோஸ் வீரர்களின் உடல்கள். அவற்றை மீட்க யார் போகிறார்கள்? ஏதென்ஸ் மன்னன் தீஸியஸ். செத்தவர்களுக்கு அவன் உறவில்லை. மக்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு படையோடு போகிறான். ஓர் அரசு, முறைப்படி, சட்டத்தின் பெயரால், அயலார் பிணங்களை அடக்கம் செய்யப் போர் தொடுக்கிறது. சோஃபோக்ளிஸே எழுதிய ‘ஏஜாக்ஸ்’ இன்னும் பேசும். தற்கொலை செய்துகொண்ட ஏஜாக்ஸ், கிரேக்கத் தலைவர்களையே கொல்ல முயன்றவன். அவனுக்கு அடக்கமில்லை என்று அகமெம்னானும் மெனலாஸும் ஆணையிடுகிறார்கள். அதை உடைத்து அடக்கம் வாங்கித் தருபவன் ஒடிசியஸ். செத்தவனுக்கு அவன் உறவும் இல்லை, நண்பனும் இல்லை, பெரும் பகைவன். பகைவனுக்கும் பொருந்தும் ஒரு கடமையைக் குடும்பப் பாசம் என்ற சிமிழுக்குள் எப்படி அடைப்பது?

உண்மையான அரசுச் சட்டம் கிரேக்க மேடையில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் ஈஸ்கிலஸிடம் போக வேண்டும். ‘ஆண்டிகனி’க்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் முந்தி, 458-இல், அதே ஏதென்ஸில் அவருடைய ‘யூமெனிடிஸ்’ அரங்கேறியது. தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸ். இரத்தத்துக்கு இரத்தம் கேட்கும் பழிதேவதைகள். குடும்பத்துக்கும் சட்டத்துக்கும் மோதல் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். இங்கே அதீனா என்ன செய்கிறாள்? தெய்வமாக இருந்தும் தானே தனியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. குடிமக்களை நீதிபதிகளாக உட்கார வைக்கிறாள். இரு தரப்பும் பேசுகிறது, வாக்குகள் ஜாடியில் விழுகின்றன, எண்ணினால் சரிபாதி, அதனால் ஒரெஸ்டிஸுக்கு விடுதலை. வழக்கில் தோற்ற தேவதைகளை நயந்து பேசி, நகரத்துக்கு அடியிலேயே அவர்களுக்குக் கோயிலும் கொடுக்கிறாள். இதைப் பார்த்த அதே நகரத்து மக்கள்தான் கிரியோனையும் மேடையில் பார்த்தார்கள். காவலாளி முதல் பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் வரை வருபவன் எல்லாம் காசு வாங்கியவன் என்று கத்தும் ஒருவனை, தானே குற்றம்சாட்டி, தானே விசாரித்து, தானே தீர்ப்பளிக்கும் ஒருவனை. வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

என் கட்சிக்கு இடைஞ்சலான ஓர் இடமும் நாடகத்தில் உண்டு. குகைக்குப் போகும் வழியில் ஆண்டிகனி பேசுகிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ ஊராரை மீறி இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொருவன் வருவான், பிள்ளையும் பிறக்கும், பெற்றவர்கள் போன பிறகு உடன்பிறந்தான் மறுபடி பிறக்க மாட்டான். ஜெர்மன் கவிஞர் கதே இந்த வரிகளைப் படித்து மனம் நொந்தார். இவை இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்துவிட்டால் நல்லது என்று 1827 மார்ச் 28 அன்று, தம் உரையாடல்களைப் பதிவுசெய்த எக்கர்மானிடம் சொன்னார். அரிஸ்டாட்டில் காலத்திலேயே இவை நாடகத்தில் இருந்தன, அதனால் நான் வெட்டிவிடச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். குடும்பத்தின் சின்னம் என்று அவளை நிறுத்துகிறவர்களுக்கு இந்த வரிகள் எனக்கு இருப்பதைவிடப் பெரிய இடைஞ்சல். கணவனும் பிள்ளையும் இல்லாத குடும்பம் என்ன குடும்பம்? சின்னங்கள் இப்படிப் பேசாது. சாகப்போகிற, துணையில்லாத ஒரு பெண் தன் காரணத்தைத் தானே தேடிக் குழம்பும் குரல் இது.

ஊராரை மீறி என்று அவள் சொல்வதில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. ஹீமோன் வந்து ஊர் அழுகிறது என்று சொன்னபோது அவள் மேடையில் இல்லை. அவள் திரும்ப வரும்போது முதியோர் கண்ணீர் விட்டாலும் உன் பிடிவாதமே உன்னைக் கெடுத்தது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். நகரம் தன்னைக் கைவிட்டது என்று நம்பியே அவள் குகைக்குள் போகிறாள். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. குடும்பத்துக்கும் நகரத்துக்கும் நடந்த சண்டை என்று நாம் எழுதும்போது, அவளுடைய அந்தக் கடைசித் தவறான எண்ணத்தை உண்மை என்று பதிவு செய்துவிடுகிறோம்.

அதே உரையாடலில் கதே சொன்ன இன்னொன்றையும் ஹெகலின் வழிவந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஹெகலின் மாணவர் ஹின்ரிக்ஸ் எழுதிய நூலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கிரியோன் நடந்துகொள்வது அரசறத்தால் அன்று, செத்தவன்மேல் உள்ள வெறுப்பால் என்றார் கதே. பிணத்தை அழுகவிட்டு ஊரையும் பலிபீடங்களையும் அசுத்தமாக்குவது அரசுக்கு எதிரான குற்றமே தவிர அறமாகாது என்பது அவர் தீர்ப்பு. ஹெகல் உயிரோடு இருக்கும்போதே சொல்லப்பட்டது இது.

கதே சொன்னதைத்தான் டைரீசியஸும் சொல்கிறார். பார்வையில்லாத அந்தக் கிழவர் கொண்டுவருவது குடும்பச் செய்தி அல்ல, ஊர்ச் செய்தி. நாயும் பறவையும் அந்த உடலிலிருந்து கவ்விப்போன சதை எல்லாப் பலிபீடங்களிலும் விழுகிறது, தெய்வங்கள் பலியை ஏற்கவில்லை, நகரம் நோயுற்றிருக்கிறது, காரணம் உன் புத்தி என்கிறார். செத்தவனை மறுபடி கொல்வதில் என்ன வீரம் என்று கேட்கிறார். ஜீயஸின் ஆசனம் வரை கழுகுகள் அந்தச் சதையைத் தூக்கிப் போனாலும் புதைக்க விடமாட்டேன் என்பது கிரியோனின் பதில். நகரம் கெட்டாலும் பரவாயில்லை, என் சொல் நிற்க வேண்டும். நாட்டை முன்வைத்துத் தொடங்கியவன் வந்து சேர்ந்த இடம் இது.

பிறகு அவன் உடைகிறான். முதியோரின் பேச்சைக் கேட்டு, குகையைத் திறக்க ஓடுவதற்கு முன் அவன் சொல்லும் ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஆதாரம். நிலைபெற்ற சட்டங்களைக் காத்து வாழ்ந்து முடிப்பதே சிறந்ததோ என்று அஞ்சுகிறேன் என்கிறான். மூலத்தில் அவன் பயன்படுத்தும் சொல் ‘நொமோஸ்’. காலையில் தன் தண்டோராவுக்குச் சூட்டிய அதே பெயரை மாலையில் ஆண்டிகனி காத்த வழக்கத்துக்குக் கொடுக்கிறான். சட்டம் எங்கே இருந்தது என்று குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு, அவனுக்காக நாம் ஏன் இன்னும் வாதாட வேண்டும்?

ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தை நடித்தபோது நெல்சன் மண்டேலா கிரியோன் வேடம் ஏற்றார். ஒரு தலைவனைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று அந்த வேடத்தில் பேசிப் பார்த்தவர் அவர். ஆனால் தங்கள் போராட்டத்தின் உருவமாக அவர் கண்டது ஆண்டிகனியை. நடைச்சீட்டுச் சட்டங்களும் நிறப்பாகுபாட்டு ஆணைகளும் அரசிதழில் முறையாக அச்சிடப்பட்ட நாடு அது. சட்டம் என்று பெயரிட்டுக்கொண்டு வருகிற எல்லாமே சட்டமல்ல என்பதை உடம்பால் அறிந்த மனிதர்களுக்கு, இரண்டு சரிகள் மோதின என்ற விடை தேவைப்படவில்லை.

இந்த நாடகத்தைப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை, குடும்பமா அரசா என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். கிரியோனின் உத்தரவுக்கு ஒப்புதல் தந்தது யார் என்று கேளுங்கள். கல்லெறி ஏன் குகையாக மாறியது என்று கேளுங்கள். அப்புறம் ஹீமோன் பேசும் காட்சியை வகுப்பில் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டிகனி அதைக் கேட்கவில்லை. பிள்ளைகளாவது கேட்கட்டும்.